இரைச்சல் இல்லாத பெட்டி

அம்மா போன பிறகு அப்பா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். சண்டை ஒன்றும் இல்லை. சமையலறையிலிருந்து "சாப்பிட வாங்கப்பா" என்று கூப்பிடுவேன், பதில் வராது. தட்டைக் கொண்டுபோய் முன்னால் வைத்தால் சாப்பிடுவார். மலைக்கோட்டை ஏறி உச்சிப் பிள்ளையாரிடம் சொல்லியிருந்தாலாவது காற்று ஏதாவது முனகியிருக்கும். முன்பெல்லாம் கை கழுவும்போதே "இன்னைக்கு என்ன கொழம்பு?" என்று அம்மாவைக் கேட்கிற மனிதர் அவர்.

நான் அதுவரை வெளியூரில் விடுதியில் தங்கி, கல்லூரி இயற்பியல் ஆய்வகம் ஒன்றில் வேலை பார்த்தவள். தந்தி கிடைத்துப் பஸ் பிடித்து ஸ்ரீரங்கம் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. பிறகு திருச்சியிலேயே வேலை கிடைத்து வீட்டோடு வந்துவிட்டேன். கடைசி நேரத்தில் நான் இல்லாமல் போனதை அப்பா மன்னிக்கவில்லை, அதனால்தான் இந்த மௌனம் என்று நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். என்னாலும் அவர் முகத்தைப் பார்த்துப் பேச முடியவில்லை. துணி மடித்துக்கொண்டே, பாத்திரம் துலக்கிக்கொண்டே பேசுவேன். உள்ளே எதுவும் அசையாமல், கால் மரத்துப்போவதுபோல ஆள் முழுக்க மரத்துப் போயிருந்தேன்.

விடுதியில் பொழுதுபோகாமல் செய்த ஓர் ஆம்ப்ளிஃபயர் என்னிடம் இருந்தது. அதைக் கூடத்தில் வைத்து ரேடியோவோடு இணைத்திருந்தேன். அப்பாவுக்குப் பிடித்திருந்தது அது ஒன்றுதான். சாயங்காலம் நான் போட்டதும் வந்து, ஸ்பீக்கர் பெட்டி மேல் உள்ளங்கையை வைத்தபடி உட்கார்ந்திருப்பார். எனக்கு அதில் வியப்பில்லை. ரைஸ் மில்லில் எஞ்சின் ஓட்டியவர்; ஓடுகிற எதன் மேலும் கைவைத்துப் பார்ப்பது அவர் பழக்கம்.

ஆனால் பாட்டுக்கு அடியில் 'உம்ம்' என்று ஓர் இரைச்சல் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். மின்சாரம் சரியாக வடிகட்டப்படாமல் உள்ளே போவதால் வருவது. பாடகர் மூச்சு வாங்குகிற இடத்திலெல்லாம் அதுதான் கேட்கும். மனுஷனுக்கு மிச்சம் இருப்பது இந்த ஒரு சுகம், அதையாவது சுத்தமாகக் கொடுப்போம் என்று மின்சாரத்தை வடிகட்டி உள்ளே அனுப்பும் புதிய பவர் சப்ளை போர்டு செய்ய உட்கார்ந்தேன். இதற்குப் பிறகாவது ஒரு வார்த்தை பேசுவார் என்ற நப்பாசையும் இருந்தது.

காந்தி மார்க்கெட் பக்கம் பழைய ரேடியோ சாமான் விற்கும் கடையில் பெரிய கெப்பாசிட்டர்கள், டயோடுகள், ஒரு தடித்த டிரான்சிஸ்டர் எல்லாம் வாங்கினேன். செப்புத் தகட்டில் கோடு போட நகப்பூச்சு வேண்டும். ஃபேன்சி கடைக்காரர் என் வெறும் நகங்களைப் பார்த்துவிட்டு, "வீட்ல விசேஷங்களா?" என்றார். "ஆமாங்க, கரெண்டுக்கு" என்றேன். அவர் சிரித்தார். நான் சிரித்தேனா என்று நினைவில்லை.

கோடுகள் காய்ந்ததும் தகட்டை பெர்ரிக் குளோரைடு கரைசலில் போட்டு ஆட்டினேன். பூச்சு இல்லாத செம்பு கரைந்தது. என் விரல்களும் காவி ஏறிப்போயின. துளை போட்டு, சாமான்களைச் செருகி, ஈயம் வைத்தேன். முதல் தடவை மாட்டியபோது இரைச்சல் குறைந்ததே தவிர ஒழியவில்லை. சனியன் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடினால், தப்பு என்னுடையதுதான். எர்த் கம்பிகளை அங்கங்கே கைக்கு எட்டின இடத்தில் இணைத்திருந்தேன். எல்லாவற்றையும் வெட்டி, ஒரே போல்ட்டில் கொண்டுவந்து முடிந்தேன். டிரான்ஸ்பார்மரை பிஸ்கட் டப்பா ஒன்றுக்குள் தனியாக வைத்து, அடியில் சைக்கிள் ட்யூப் துண்டு கொடுத்துத் தள்ளி நிறுத்தினேன்.

ஸ்பீக்கரில் காதை ஒட்டிக் கேட்டேன். ஒன்றுமே இல்லை. சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். வேலை முடிந்தது என்று மட்டும் தோன்றியது.

அன்று சாயங்காலம் ரேடியோவில் வாய்ப்பாட்டுக் கச்சேரி. தம்புராவின் ஒவ்வொரு தந்தியும் தனித்தனியாகக் கேட்டது. அப்பா வந்து உட்கார்ந்து பெட்டி மேல் கையை வைத்தார். எடுத்தார். வேறு இடத்தில் வைத்தார். பிறகு பக்கவாட்டில் வைத்துப் பார்த்தார்.

"பெட்டி ஓடலையாம்மா?"

எத்தனையோ மாதத்துக்குப் பிறகு என்னிடம் அவர் பேசியது. பாடகர் மேல் ஸ்தாயியில் நின்றுகொண்டிருந்தார். வயர்களை ஒழுங்குபடுத்திக்கொண்டே, முதுகைக் காட்டியபடி, "பாடிக்கிட்டுதானேப்பா இருக்கு" என்றேன்.

"பெட்டி ஓடலையாம்மா?" என்று மறுபடியும் கேட்டார்.

திரும்பி அவர் எதிரில் போய்க் குனிந்தேன். "அப்பா, காது கேக்கலையா?"

அவர் கண் என் உதட்டில் இருந்தது. "மில்லுலயே பாதி போயிடுச்சு. மீதி அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா. உங்கம்மா எதுர உக்காந்து சொல்லுவா. அவ வாய் எனக்குப் பழக்கம்."

"எங்கிட்ட ஏன் சொல்லலை?"

"நீதான் எங்கிட்ட பேசறதே இல்லையே. அவளப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகலைன்னு எம்மேல கோவமா இருக்கேன்னு நெனச்சேன்."

நான் தலையை ஆட்டினேன். அது இல்லை என்பதற்கா, கேட்டுக்கொண்டேன் என்பதற்கா, எனக்கே தெரியவில்லை.

"அப்ப தினமும் இங்க உக்காந்து என்னப்பா கேட்டீங்க?"

"கேக்கறதாவது. கையில என்னென்னவோ வந்து போகும். அடியில ஒரு அதிர்வு மட்டும் விடாம வரும். அவ போனதுலேருந்து வீட்டுல எதுவுமே ஓடலை. இது ஒண்ணு ஓடுதுன்னு தெரிஞ்சுது."

புது போர்டைக் கழற்றினேன். பழைய சப்ளையைத் தேடி எடுத்து மாட்டினேன். 'உம்ம்' என்று இரைச்சல் எழுந்தது. அப்பா பெட்டி மேல் கையை வைத்து, "ஆங், ஓடுது" என்றார்.

ஒரு மணையை இழுத்துப் போட்டு, அம்மா உட்காருகிற இடத்தில், அவர் முகத்துக்கு நேராக உட்கார்ந்தேன். "சாப்பிட வாங்கப்பா" என்றேன், நிதானமாக.

"இன்னைக்கு என்ன கொழம்பு?"

வத்தக்குழம்பு. ஒரே வார்த்தைதான். சொல்ல ஆரம்பித்தேன், உதடு நிற்கவில்லை, அம்மா போன அன்று வராத அழுகை அப்போது வந்தது. அப்பா என் வாயையே பார்த்தார்.

"கோணாம சொல்லும்மா, புரியலை" என்றார்.