விரதக்காரரின் இரத்தப் பரிசோதனை

லண்டனில், ஒரு நோயும் இல்லாதவர்கள் காலையில் வரிசையாக அமர்ந்து இரத்தம் கொடுக்கிறார்கள். எனக்கு இன்னும் இது பழகவில்லை. முதல்முறை, "எனக்கு ஒரு வருத்தமும் இல்லையே" என்று நர்ஸிடம் சொன்னேன். "அதனால்தான் எடுக்கிறோம்" என்றாள். கொலஸ்ட்ரோல் கூடுதல் என்று முடிவு வந்தது. அப்பா எதனால் இறந்தார் என்று டாக்டர் கேட்டார். நெஞ்சில் வாய்வு அடைத்து என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். "காற்று அடைத்து யாரும் சாவதில்லை. உங்கள் சகோதரரையும் சோதிக்கச் சொல்லுங்கள்."

அந்த வருட லீவில் ஊருக்கு, மானிப்பாய்க்குப் போனேன். அண்ணைக்குக் காங்கேசன்துறையில் சீமெந்து ஆலை வேலை. நடுவருடத்தில் மாதக்கணக்காக வீசும் சோளகக் காற்றுக்கு எதிராகச் சைக்கிள் மிதித்து வரும்போது நடுவழியில் இறங்கி நெஞ்சைத் தடவுவார். சற்று நின்றால் சரியாகிவிடும். அப்பாவுக்கும் அப்படித்தான் தொடங்கியது.

"நாளைக்கு ஒண்டும் சாப்பிடாமல் வரவேணும் அண்ணை, விளங்கிச்சோ?"

"வெள்ளிக்கு வெள்ளி விரதம் பிடிக்கிற எனக்கு நீ பட்டினி பழக்கிறியோ?"

மறுநாள் பரிசோதனைக்கூடத்தில் இரத்தம் எடுப்பவர் சாப்பிட்டீர்களா என்று கேட்டார். "இல்லை, விரதம்" என்றார் அண்ணை. அவரும் எங்களூர்க்காரர், மேற்கொண்டு கேட்கவில்லை. திரும்பி வரும் பஸ்ஸில் அண்ணை நிம்மதியாக ஏப்பம் விட்டார்.

"என்ன குடிச்சனீங்கள்?"

"பாலும் ரண்டு கதலிப்பழமும். உது சாப்பாடே?"

வீட்டில் அண்ணியிடம் பாய்ந்தேன். அவர் அசையவில்லை. "வெறும் வயித்தோடை விட்டால் வாய்வெல்லோ ஏறும்?"

பரிசோதனைக்கூடத்துக்குத் திரும்பிப் போய் உண்மையைச் சொன்னேன். அந்த இரத்தத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, மறுபடி கொடுக்க வேண்டும் என்றார்கள். என் லீவு முடிந்திருந்தது. "நீ போ, நான் பிறகு குடுக்கிறன்" என்றார் அண்ணை. இன்றுவரை கொடுக்கவில்லை. எழுதிக் கேட்டால், "சோளகம் விடட்டும்" என்று பதில் வருகிறது. சோளகம் வருடாவருடம் விடுகிறது, மறுபடி வருகிறது.

இன்று காலை எனக்கு மீண்டும் பரிசோதனை. பஸ் தரிப்பிலிருந்து எதிர்காற்றில் ஏறி வந்தவன் பாதியில் நின்றேன், காற்றுத் தணியட்டும் என்று. இப்போது அங்கே ஆலையில் வேலைமுறை மாறும் நேரம். அண்ணை சைக்கிளை எடுத்திருப்பார். நர்ஸ் என் இடது கையை நீட்டச் சொல்லி, ஏதாவது குடித்தேனா என்று கேட்கிறாள். பச்சைத் தண்ணீர்கூட இல்லை என்கிறேன். ஒரு கை அவளிடம் இருக்கிறது. மற்றக் கை, அப்பா தடவிய அதே இடத்தை நெஞ்சில் தடவிக்கொண்டிருக்கிறது.