நாதஸ்வரத்துக்குப் பின்னால் நடந்த கார்

1946 ஜனவரி 24, வியாழக்கிழமை, காலை ஏழு மணி பத்து நிமிடம். புதுக்கோட்டையில் என் ஒர்க் ஷாப்பில் மூன்று வண்டிகள் வயிறு திறந்து கிடந்தன. திருச்சி பஸ் வாசலில் வேகம் குறைந்தது. கண்டக்டர் படியில் நின்றபடியே கத்தினார்: "எஞ்சினியர் தம்பி! நம்ம சோலையப்பண்ணே விடியக்காலம் தவறிட்டாங்களாம். குன்றாண்டார்கோவிலுக்குக் கெளம்புங்க!" காமாலை என்று இரண்டு மாதமாகப் படுத்திருந்தவர். கையைத் துடைத்துக்கொண்டு கிளம்பினேன்.

இந்தச் சங்க மலரைப் படிக்கிற டிரைவர்களில் பாதிப்பேர் அவருக்குப் பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டு வந்தவர்கள். மீதிப்பேர் அவரிடம் திட்டு வாங்கியவர்கள். ஆகவே சாந்த சொரூபி, யாரையும் கடிந்து பேசாதவர் என்றெல்லாம் எழுதி உங்கள் நேரத்தை வீணாக்க மாட்டேன். அவர் வாய் பொல்லாத வாய். நான் எழுத வந்தது ஒரு காரைப் பற்றி. அதைச் சொன்னால் அவரைச் சொன்ன மாதிரிதான்.

கந்தர்வக்கோட்டைப் பக்கம் முந்திரித்தோப்பு வைத்திருக்கும் முதலாளியிடம் அவர் டிரைவராக இருந்தது உங்களுக்குத் தெரியும். சீமைக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரர் விற்றுவிட்டுப் போன சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் அந்த வீட்டில் இருந்தது. இரண்டே ஸீட், நீண்ட மூக்கு, தாழ்ந்த இடுப்பு. ஒரு மழைக்காலத்தில் கண்மாய்க்கரை மேல் எருமைகள் குறுக்கே வர, சோலையப்பன் ஒடித்துத் திருப்பினார். அவர் குதித்துவிட்டார். வண்டி கண்மாய்க்குள் உருண்டு தலைகீழாகக் கிடந்தது. தண்ணீர் வடிந்த பிறகுதான் மாடு பூட்டி இழுக்க முடிந்தது.

"எருமையக் காப்பாத்திட்டு என் காரக் கொன்னுட்டியேடா!" என்றார் முதலாளி.

"எருமைக்கு ஸ்பேர் பார்ட்டு கெடைக்காதுங்க மொதலாளி."

அந்தப் பதிலுக்கு வேலை போனது. வண்டியைப் பழைய இரும்புக்குத் தள்ளிவிட ஏற்பாடும் ஆனது. அப்போதுதான் அவர் ஒரு சபதம் போட்டார். "வைகாசியில நம்ம பாப்பா கல்யாணம். மாப்பிள்ளைய இந்த வண்டியிலதான் அழைக்கிறோம். வழியில நின்னுச்சுன்னா, நின்ன எடத்துலயே இரும்புக் கடைக்காரன் தூக்கிட்டுப் போகட்டும். நான் அந்த எருமையவே மேய்க்கப் போறேன்." பாப்பா என்றது முதலாளியின் மகளை. முதலாளி சிரிக்கவில்லை. "சரி, போயிச் செய்யி. நின்னா ரெண்டு பேரும் தெருவுல," என்றார். ரெண்டு பேர் என்றது டிரைவரையும் வண்டியையும்.

கார் கட்டைவண்டியில் ஏறி என்னிடம் வந்து சேர்ந்தது. நான் சென்னையில் மோட்டார் எஞ்சினியரிங் முடித்துவிட்டு வந்த புதிது. யுத்தம் தொடங்கியிருந்தது, சீமையிலிருந்து ஒரு போல்ட்டுகூட வராது. சேஸிஸ் என்ற அடித்தளத்தில் வலப்பக்க நீளச் சட்டம் முன் ஸ்பிரிங் மாட்டும் இடத்தில் வளைந்து கீறல் விட்டிருந்தது. உடம்பைத் தாங்கும் மரக்கூடு ஊறிப் பொதபொதவென்று இருந்தது. மேல்தகடு மாடு மிதித்த தகரப்போணி.

"தூக்கிப் போடுங்க," என்றேன்.

"தூக்கிப் போடுறதுக்கு ஒன்கிட்ட எதுக்குத் தம்பி வரணும்? அதுக்குப் படிச்சிருக்கணுமா?"

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அவருக்கு வேண்டியதும் அதுதான்.

முதல் சண்டை சேஸிஸில். சட்டத்தைப் பழுக்கக் காய்ச்சி அடித்தால் ஒரே நாளில் நிமிர்ந்துவிடும் என்றார். காய்ச்சினால் அந்த இரும்பின் பலம் போய்விடும், ஒரு மேடு தாங்காது என்றேன். "அப்ப கெஞ்சியா நிமித்துவே?" "ஆமா, ஜாக்கி வச்சுக் கெஞ்சுவேன்." தரையில் ஒரு தண்டவாளத் துண்டைப் புதைத்து, சட்டத்தை அதோடு சங்கிலியால் கட்டி, காய்ச்சாமலேயே ஜாக்கியால் தினம் கொஞ்சம் நெம்பினோம். மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு கயிறு பிடித்து அளப்பேன். இரண்டும் சமமானால்தான் சட்டம் கோணலில்லாமல் நிற்கிறது என்று பொருள். சமமான அன்றைக்கு அவர் இரண்டு கயிற்றையும் விரலால் சுண்டிப் பார்த்தார். "சண்டைக்காரப் பங்காளிங்க ஒரே குரல்ல பேசுறாங்கடா தம்பி!" கீறலின் நுனியில் துளை போட்டு, அது மேலே ஓடாமல் நிறுத்தி, உள்பக்கம் தகடு வைத்து ரிவெட் அடித்தோம். இன்றுவரை அது அசையவில்லை. இதை அடக்கமில்லாமலேயே சொல்கிறேன்.

அடுத்தது மரக்கூடு. நேர்ப்பலகையை வளைவாக அறுத்தால் நார் அறுந்து, குலுங்கலில் உடையும். இயற்கையாகவே வளைந்த, நன்றாகக் காய்ந்த கட்டை வேண்டும் என்று கம்பியை வளைத்து அச்சுச் செய்து அவரிடம் கொடுத்தேன். கிடைக்காது என்று நினைத்துத்தான் கொடுத்தேன். மூன்றாம் நாள் கட்டுமாவடியிலிருந்து ஒரு மீன் லாரியின் முதுகில், உடைத்த பழைய படகின் விலாக்கட்டைகள் மேல் உட்கார்ந்து வந்து இறங்கினார். கம்பி அச்சோடு அச்சாகப் பொருந்தின. நாற்றம்தான் தாங்கவில்லை. எதிரே பஸ் நிற்கும் இடத்திலிருந்து உங்களில் யாரோ கத்தினீர்கள்: "எஞ்சினியரே, காரா செய்யுறீங்க, கருவாடா?" சோலையப்பன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ரெண்டும் ஒனக்கு எட்டாதுடா!"

புளிக்கரைசலிலும் சாம்பலிலும் தேய்த்துத் தேய்த்து நாற்றத்தை விரட்டினோம். தகட்டைத் தட்டி நிமிர்த்திக் கூட்டின் மேல் இழுத்துப் போர்த்தினோம். ஸீட் பள்ளத்தில் இருக்கிறது, மாப்பிள்ளை தெரிய மாட்டார் என்று ஒரு குறை சொன்னார். பின்பக்கம் இரண்டு போல்ட்டில் கழற்றி மாட்டும் மேடை வைத்தேன். சிவப்பு பெயின்ட் காய்ந்ததும் திருச்சி ரோட்டில் விட்டேன். வண்டி பறந்தது. திரும்பி வந்து அவர் முகத்தைப் பார்த்தேன்.

"ஓட்டம் சரி தம்பி. நடை?"

எனக்குப் புரியவில்லை. "மாப்பிள்ளை அழைப்புன்னா என்னன்னு நெனச்ச? முன்னால நாதஸ்வரம் நடக்கும். முக்குக்கு முக்கு நின்னு வாசிக்கும். பின்னால வண்டி நடக்கணும். பறக்குற கார எவனும் செய்வான். நடக்குற காரச் செய்யி."

ஒர்க் ஷாப் ஆட்கள் இருவர் எண்ணெய் டின்னைத் தவில் மாதிரி தட்டிக்கொண்டு முன்னால் நடந்தார்கள். சோலையப்பன் அவர்களுக்குப் பின்னால் வண்டியை ஊர்ந்து வரவிட்டார். இரண்டாவது தெரு முடிவதற்குள் ரேடியேட்டர் கொதித்து மூடி வழியே ஆவி சீறியது. காரணம் எளிது. அந்த என்ஜினுக்கு விசிறியே கிடையாது. வேகத்தில் வரும் எதிர்க்காற்றே குளிர்விக்கும் என்பது சீமைக்காரன் கணக்கு. அவன் ஊரில் மாப்பிள்ளை அழைப்பு இல்லை.

சோலையப்பன் முதலில் குறுக்குவழி பார்த்தார். நாதஸ்வர வித்துவானிடம் போய், "அண்ணே, கொஞ்சம் எட்டி நடந்தீங்கன்னா வண்டிக்கு நல்லது," என்றார். வித்துவான் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னார்: "ராகம் என்ன ரேக்ளாப் பந்தயமா? என் வாத்தியத்துக்கு ஒன் வண்டி நடக்கட்டும். அன்னைக்குப் பாரு, ஒவ்வொரு முக்குலயும் ஒன்னைய வேக வைக்கிறேன்."

வேறு வழி இல்லை. பெயின்ட் அடித்து முடித்த வண்டியின் மூக்கை மறுபடி அறுத்தேன். அறுக்கும்போது சோலையப்பன் அங்கே இல்லை. வெளியே போய் டீ குடித்தார் என்று பிறகு சொன்னார்கள். முன் சட்டத்தை நான்கு விரற்கடை நீட்டி, ரேடியேட்டரை முன்னால் தள்ளி, கிடைத்த இடத்தில் ஓர் உடைந்த பஸ்ஸின் விசிறியை இறக்கை குறுக்கி வைத்தேன். தோல்வார் போட்டு என்ஜினோடு பூட்டினேன். கல்யாணத்துக்கு நாலு நாள் இருந்தது.

மாப்பிள்ளை அழைப்பன்று சாயங்காலம் உங்களில் பலர் தெருவில் நின்றீர்கள். இரும்புக் கடைக்காரரும் நின்றார். வித்துவான் சொன்னதைச் செய்தார். முதல் தெருமுக்கில் நின்று வாசித்தார், இரண்டாவதில் இன்னும் நீட்டினார். தவில்காரர் வேர்த்து ஒழுகினார். கிளட்சை நழுவவிட்டு ஊர்ந்தால் அது கருகிவிடும். சோலையப்பன் அதைச் செய்யவில்லை. வாத்தியம் இருபதடி போகும்வரை அசையாமல் நிற்பார், பிறகு ஒரே இழுப்பில் போய் ஒட்டிக்கொள்வார். மாப்பிள்ளையின் தலைப்பாகை ஆடவில்லை. நான் ரேடியேட்டர் மூடிமேல் இருந்த வெப்பமானியைப் பார்த்துக்கொண்டே பக்கத்தில் நடந்தேன். முள் ஏறியது, நடுங்கியது, நின்றது. அதற்கு மேல் போகவில்லை.

கல்யாண வீட்டுக்கு முந்தின முக்கில் வித்துவான் வண்டியைப் பார்த்துத் திரும்பி நின்று, கன்னம் புடைக்க நெடுநேரம் வாசித்தார். கடைசியில் அவருக்குத்தான் மூச்சு வாங்கியது. வாத்தியத்தை இறக்கினார்.

"ஏப்பா, ஒன் வண்டி கொதிக்கவே கொதிக்காதா?"

"நீங்க ஊதுற காத்துதாண்ணே முன்னாலேருந்து வருதே!"

தெரு சிரித்தது. வித்துவான் வந்து அவர் தோளைத் தட்டினார். பந்தலில் நின்ற முதலாளி வண்டியின் மூக்கைத் தடவிப் பார்த்தார், கை சுட்டு எடுத்தார், பிறகு சத்தமாகச் சொன்னார்: "சோலையப்பா, நாளைக்குப் பொண்ணு மாப்பிள்ளையக் கோயிலுக்கு நீதான் கூட்டிட்டுப் போற." இரும்புக் கடைக்காரர் பந்தியில் உட்கார்ந்துவிட்டார்.

விசிறி என் வேலை, கால் அவருடையது. எது அந்த வண்டியை நடத்தியது என்று நாங்கள் கடைசிவரை சண்டை போட்டோம். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது ஒரு வழக்கம். எந்த வண்டி என் கையிலிருந்து வெளியே போனாலும் ஓட்டிப் பார்த்த பிறகு நடத்தியும் பார்க்கிறேன். அழுவது எனக்கு வராது. செய்யப்போவதை எழுதுகிறேன்:

1. அந்தக் காரின் பின் ஸ்பிரிங் பட்டைகளில் "ஒரு எலை முனகுது தம்பி" என்று போன ஐப்பசியில் சொன்னார். எனக்குக் கேட்கவில்லை. இருந்தாலும் திங்கட்கிழமை கழற்றிப் பார்ப்பேன்.

2. ஓட்ட ஆளில்லை, வண்டியை விற்கலாம் என்று முதலாளி யோசிக்கிறார். நேரில் போய் விற்கக்கூடாது என்பேன். கோபித்துக்கொள்ளட்டும்.

3. கிளட்சைக் கருக்காமல் அதை நடத்தப் பழகுவேன். எனக்கு இதுவரை பறக்க மட்டும்தான் தெரியும்.

4. சோலையப்பனின் மகள் செல்லம்மாளுக்கு ஆவணியில் கல்யாணம். அந்த மாப்பிள்ளையை இந்தக் காரில்தான் அழைக்கிறோம். மேடையின் இரண்டு போல்ட்டையும் நானே முடுக்குவேன். ஓட்டுவதும் நான். வேகம் வேண்டும் என்பவர்கள் வேறு வண்டி பார்த்துக்கொள்ளலாம்.