பிச்சி, காளான், அரை மூட்டை உப்பு

கல்லூரியில் முப்பது வருஷம் தாவரவியல் நடத்தியவன் நான். பூக்கும் செடிக்கும் காளானுக்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்லும் நாளில் எனக்கு உற்சாகத்தில் தலைகால் புரியாது. செடி வெயிலில் நின்று தன் சோற்றைத் தானே சமைத்துக்கொள்ளும். காளானுக்குப் பச்சையமும் இல்லை, வெட்கமும் இல்லை. செத்த மரத்துக்கு அது வீட்டோடு மாப்பிள்ளை என்பேன். வகுப்பே சிரிக்கும்.

ஓய்வு பெற்றபின், போன ஐப்பசியில், மனைவி மகளின் பிரசவத்துக்குச் சென்னை போனாள். என்னிடம் ஒப்படைத்தது ஒரே ஒரு பிச்சிச் செடி. ஆழ்வார்திருநகரி வீட்டில் அவள் அம்மா வைத்ததிலிருந்து பதியன் போட்டுக் கொண்டுவந்தது. அந்த வீட்டை விற்றாயிற்று. மிச்சம் இந்தச் செடிதான். எங்கள் தெருவில் போர் தண்ணீர் கரிக்கும். குடிக்க வாங்கும் கேன் தண்ணீரில் அதற்கும் பங்கு வைத்து வளர்த்தாள். தினமும் போனில் முதலில் செடியை விசாரிப்பாள், பிறகுதான் என்னை.

மழை பிடித்ததும், பாத்திக்கு வரம்பாகப் போட்டிருந்த பனந்தடியில் காளான் குடை விரித்தது. பிச்சியை அது தொடாது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் ஓசியில் தின்று கொழுத்த அந்த மினுமினுப்பைப் பார்க்கப் பொறுக்கவில்லை. தூத்துக்குடிக்காரனுக்கு எதற்கும் ஒரே மருந்துதான். படி வழுக்கினால் உப்பு, நத்தை வந்தால் உப்பு, கண்ணு பட்டால் உப்பு. உப்பளத்து நண்பர் தந்த மூட்டையில் பாதியைத் தடிமேல் கவிழ்த்தேன். மறுநாள் காளான் சுருண்டது. செடியையே காப்பாற்றிவிட்டதாக மகளிடம் பீற்றிக்கொண்டேன்.

அன்று மாலை கொட்டிய மழை, உப்பையெல்லாம் கரைத்துப் பாத்திக்குள் இறக்கியது. நாலு நாளில் பிச்சியின் இலைகள் கருகின. அடுத்த வாரம் அது விறகு. காளானோ தடியின் அடிப்பக்கத்தில் புதிதாக ஐந்தாறு குடை விரித்திருந்தது. வெளியே தெரிவது அதன் கனி மாதிரி, உடம்பெல்லாம் மரத்துக்குள்ளே என்பதும் நான் நடத்திய பாடம்தான். போனில், பிச்சி நன்றாக இருக்கிறது என்று பொய் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

ஊர் திரும்பியவள் பையைக்கூடக் கீழே வைக்காமல் பாத்திக்குப் போனாள். உப்பு வேரிலிருந்து தண்ணீரை எப்படி உறிஞ்சும் என்று நான் விளக்க ஆரம்பித்தேன்.

"இதெல்லாம் ஒங்களுக்கு முன்னமே தெரியுமா?" என்றாள்.

தெரியும் என்றேன். வெட்கம் பிடுங்கித் தின்றது.

அவள் ஒரு கிளையை ஒடித்துப் பார்த்தாள். உள்ளே பச்சை இல்லை. பிறகு அங்கேயே நின்று தன் அக்காவுக்குப் போன் போட்டாள்.

"அம்மா வச்ச பிச்சி பட்டுப்போச்சுக்கா. இவுக நல்லாத்தான் இருக்காவ."