பூநாரையும் கிழிந்த பனியனும்

முன்னறையில் யாரோ கூடையை இறக்கி வைக்கும் சத்தம் கேட்டது. அதைத் தொடர்ந்து கூடைக்குள்ளிருந்து பரட் பரட்டென்று கீறல். உள்ளறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, ஒரு கல்யாணப் படத்தில் மணப்பெண்ணின் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்த லோகநாதனின் கை அப்படியே நின்றது. அது நகச் சத்தம். பறவை.

பழவேற்காட்டில் பல வாரங்களாக யாரும் அவனிடம் அடிபட்ட உயிரைக் கொண்டுவரவில்லை. வலையில் ஆமை சிக்கினாலும் போன் வரவில்லை. படகுத்துறையில் அவன் போய் நின்றால் பேச்சு நின்றுவிடும்.

இளம் வயதில் திருவொற்றியூரில் ஒரு ஸ்டூடியோவில் வேலை பார்த்தபோது தொற்றிக்கொண்ட பழக்கம் இது. குடோனுக்குள் புகுந்த பாம்பு, தண்ணீர்த் தொட்டியில் விழுந்த ஆந்தை என்று பட்டணத்துச் சந்துகளில் தவித்த உயிர்களைத் தூக்கிவரும் நண்பர்களோடு அவனும் அலைந்தான். ஒரு கையில் சாக்கு, தோளில் கேமரா. ஊருக்குத் திரும்பி மாலா ஸ்டூடியோ வைத்த பிறகும் இரண்டையும் விடவில்லை. காதுகுத்துக்கும் கல்யாணத்துக்கும் படம் பிடித்துச் சோறு தின்றான். ஏரியில் அடிபட்டதைத் தூக்கிவந்து, காயம் கழுவி, வனத்துறைக்காரர்களிடம் ஒப்படைத்தான்.

எல்லாவற்றையும் கெடுத்தது ஒரே ஒரு படம்.

விடியற்காலைச் செவ்வொளியில், வலையில் கால் சிக்கித் தலை தொங்கிய பூநாரை. பார்த்தவர் கண் கலங்கும் படம். இணையத்தில் போட்டபோது எடுத்த நாளையும் இடத்தையும் கீழே எழுதினான். வெளியூர்க்காரனுக்கு அது வெறும் தேதி. ஏரிக்காரனுக்கு அது ஒரு ஆளின் பெயர். இன்ன நாளில் இன்ன இடத்தில் யார் வலை கட்டுவது என்று ஊர் கூடி முறை வைத்திருக்கிறது. பாடு என்பார்கள். அன்றைய பாடு சீனிவாசன் என்ற மீனவனுடையது. படம் ஊர் ஊராகப் போக, முகம் தெரியாதவர்களெல்லாம் கொலைகாரன் என்று எழுதினார்கள். ஊர்க்கூட்டத்தில் சீனிவாசன் தலை கவிழ்ந்து உட்கார்ந்திருந்தானாம். அந்தக் கணத்திலிருந்து ஊர் லோகநாதனுக்குக் கதவைச் சாத்தியது.

அவன் திரைச்சீலையை விலக்கினான். சீனிவாசன் மனைவி காசியம்மாள் நின்றிருந்தாள். மீன் கூடையின் மேல் பழைய புடவை கட்டியிருந்தது.

"இன்னா பாக்கற? புடி. கொத்துது."

உள்ளே ஒரு நீர்க்காகம். இறக்கையில் வலையின் நைலான் நரம்பு இறுகி, சதை வெட்டுப்பட்டிருந்தது. மீனவர்கள் கண்ணில் மண்ணைத் தூவி வலையிலேயே மீன் திருடுகிற கருப்புப் பறவை. அதைக் காப்பாற்றி ஆட்டோவில் ஏற்றி வந்திருக்கிறாள்.

அலகு கண்ணைத்தான் குறி வைக்கும் என்று எச்சரித்து, பறவையின் தலையைத் துணியால் மூடி அவள் கையில் கொடுத்தான். அவள் பிடித்துக்கொள்ள, அவன் சின்னக் கத்தரியால் நரம்பை இழை இழையாக அறுத்து எடுத்தான். காயத்தைக் கழுவினான். எலும்பு முறியவில்லை, ஓய்வு கொடுத்தால் பறக்கும் என்றான். காற்றுக்கு ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் பறவை அடங்கியது.

புருஷன் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டதாகவும், ஆனால் வலையை அறுத்து இதை எடுத்துக் கூடையில் போட்டது அவர்தான் என்றும் காசியம்மாள் சொன்னாள். மகள் அனிதாவுக்கு ஆரம்பாக்கத்திலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள், பறவையைக் கொல்கிற வீடு இதுதானா என்று சிரித்துக்கொண்டே கேட்டார்களாம். அதைச் சொல்லும்போது அவள் அழவில்லை. கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"அன்னிக்கும் அவருதானே வலைய அறுத்தாரு. புது வலை. நீ பக்கத்துல நின்ன. அத படம் புடிக்கலியா?"

"புடிச்சேன்க்கா."

"காட்டு."

கம்ப்யூட்டரில் தேடி எடுத்தான். இடுப்பளவு தண்ணீரில் சீனிவாசன். வாயில் கத்தி. பூநாரையின் நீண்ட கழுத்து, தூங்கிப்போன பிள்ளையைப் போல அவன் தோளில் சாய்ந்து கிடந்தது. காசியம்மாள் திரையருகே குனிந்தாள். நெடுநேரம் நிமிரவில்லை.

"இத ஏன் போடல?"

லோகநாதன் தரையைப் பார்த்தபடி சொன்னான். "படம் சுத்தமா வரலக்கா. பின்னால டீசல் கேன் கீது. அண்ணன் பனியன் வேற கிழிஞ்சிருக்கு."

"பனியன் கிழிஞ்சா மனுஷன் படத்துல வரக்கூடாதா?"

அழகான படம் என்று ஊர் ஊராகப் பாராட்டு வாங்கியபோது இனித்த மனசு, இப்போது கசந்து வழிந்தது. உடனே போட்டுவிடுகிறேன், இந்த முறை நாளோ இடமோ எழுதமாட்டேன் என்றான்.

"எழுது," என்றாள் காசியம்மாள். "நாளு, எடம் ரெண்டையும் எழுது. அன்னிக்கு யாரு பாடுன்னு ஏரி பூரா தெரியும். ஆரம்பாக்கத்துக்காரனும் விசாரிச்சுக்கினு வரட்டும்."

அவள் நின்று பார்த்துக்கொண்டிருக்க, அவன் படத்தைப் போட்டான். டீசல் கேனை வெட்டவில்லை. பனியனின் ஓட்டையைச் சரி செய்யவில்லை. நாளும் இடமும் எழுதி, வலையை அறுத்தவர் சீனிவாசன் என்று சேர்த்தான். எழுத்துக்கள் அவன் கண்ணில் மங்கின.

காசியம்மாள் காலிக் கூடையை இடுப்பில் ஏற்றினாள். வாசலுக்கு வந்தவளிடம், இவ்வளவு நாளும் கேட்கத் துணியாததைக் கேட்டான்.

"இனிமே கூப்புடுவாங்களாக்கா?"

"அதுங்களுக்கு அடிபட்டா கூப்புடாம இன்னா பண்றது? உனக்காகவா கூப்புடறோம்?"

சொல்லிவிட்டு உதட்டோரம் சிரித்தாளோ என்னவோ, முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பறவைக்குப் பெரிய இறால்தான் போடவேண்டும் என்று நினைக்காதே, பொடி மீன் போதும், காலையில் அவரிடம் கொடுத்தனுப்புகிறேன் என்று படியிறங்கியபடியே சொன்னாள்.

அவரிடம். வரமாட்டேன் என்றவரிடம்.

லோகநாதன் அவள் தெருமுனை திரும்பும்வரை நின்றான். வெயிலும் சந்தடியும் பட்டுப் பறவை மிரளக்கூடாதே என்று, ஓசைப்படாமல் கதவைச் சாத்தினான்.