பாதி கற்ற இன்ஜின்

கொரியாவில் சண்டை மூண்டு ரப்பர் விலை ஏறியபோது, மலாயாவில் சிம்பாங் அம்பாட் பக்கத்து எங்கள் தோட்டத்துத் துரைக்குத் திடீரென்று தாராள மனசு வந்தது. ஆலை இன்ஜினை ஓட்டவும் பழுது பார்க்கவும் ஒருவருக்கு இரண்டு வருடம் பயிற்சி கொடுப்போம் என்றார். என் வீட்டுக்காரரைத் தேர்ந்தெடுத்தார்கள். மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை.

அங்கேதான் தப்புச் செய்தோம். ஒரு வரி எழுதி வாங்கவில்லை. "தொரை வாயால சொல்லியாச்சு, அப்புறம் என்னா தாளு?" என்றார் இவர். ஒவ்வொருவருக்கும் பால் வெட்ட ஒரு மரவரிசை உண்டு, அதுதான் நிரை. வீட்டுக்குப் பக்கத்திலேயே இருந்த தன் நிரையை என் தம்பிக்கு வெற்றிலை பாக்கு வைத்துக் கொடுத்தார். கங்காணியும் தலையாட்டினார். வெற்றிலை வைத்துக் கொடுத்ததைத் திரும்பக் கேட்கும் வழக்கம் எங்களிடம் இல்லை.

ஒரு வருடம்கூட ஆகவில்லை, விலை சரிந்தது. தோட்டத்து ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி வந்து, "பயிற்சியெல்லாம் இப்ப கட்டுபடியாகாதுலா, நாளைக்கு வெட்டுக்குப் போயிரு" என்று சொல்லிவிட்டுப் போனார். துரை பங்களாவுக்குப் பெயிண்ட் அடிப்பது நிற்கவில்லை. ஆளைப் பழக்குவதுதான் முதலில் நின்றது. விலை ஏறினால் நாங்கள் கெட்டிக்காரர்கள், இறங்கினால் வீண் செலவு. என்ன நியாயம் இது?

மிச்சம் இருந்தது காட்டோர நிரை மட்டும். காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளோடு வெள்ளைக்கார அரசாங்கம் சண்டை போட்ட அவசர காலம் அது. அந்தப் பக்கம் துப்பாக்கிச் சத்தம் கேட்காத வாரமில்லை. முள்வேலி கேட்டில் சோற்றுப் பொட்டலத்தைக்கூட, காட்டில் இருப்பவர்களுக்குப் போய்விடும் என்று பிடுங்கிக்கொண்டுதான் வெளியே விடுவார்கள். அவர் திரும்பி வரும்வரை நான் வேலிப் பக்கமே பார்த்துக்கொண்டிருப்பேன்.

சில வருடங்களில் விலை மறுபடி ஏறியது. அந்த நேரம் பார்த்து இன்ஜின் நின்றது. மலாக்கா டவுனிலிருந்து மெக்கானிக் வர இரண்டு நாளாகுமாம். அதே கிராணி எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"வாப்பா, நீதான் கத்துக்கிட்டவனாச்சே."

இவர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பியேவிட்டார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. குறுக்கே போய் நின்றேன்.

"பாதிதான் கத்துக்குடுத்தீங்க ஐயா. மீதியையும் கத்துக்குடுக்கறோம்னு தொரைகிட்ட எழுதி வாங்கிட்டு வாங்க, அனுப்பறேன்."

கிராணி முறைத்துவிட்டுப் போனார். எழுத்து வரவில்லை. இரண்டு நாளில் மெக்கானிக் வந்தான், இன்ஜின் ஓடியது. நான் சொன்னது சரிதான், இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன். ஆனால் இவர் என்னோடு மூன்று நாள் பேசவில்லை. நாலாம் நாள் காலையில், காட்டோரத்துக்குக் கிளம்பும்போதுதான் வாயைத் திறந்தார்.

"ஒருக்கா அதத் தொட்டாவது பாத்திருப்பேன், புள்ள."