கொழுந்து நடனம்

பல்கலைக்கழகத்தில் பரதம் படிக்கச் சேர்ந்தேன். முதல் கலைவிழாவில் மற்றவர்களுக்கெல்லாம் அலாரிப்பு, ஜதீஸ்வரம். எனக்கு மட்டும் தேயிலை பறிக்கும் கொழுந்து நடனம், முதுகில் ஒரு கூடை.

"உமக்குப் பழக்கத் தேவையில்லை. அது உம்மட இரத்தத்திலயே இருக்குதானே" என்றார் விரிவுரையாளர்.

புளத்கொகுபிட்டியப் பக்கம் எங்களுடையது ரப்பர் தோட்டம். அம்மா பால் வெட்டுகிறவர். கொழுந்து பறிக்க எனக்குத் தெரியாது என்றேன்.

"எல்லாம் தோட்டம்தானே" என்று சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதற்குப் பிறகும் விழா என்றாலே அதே கூடைதான்.

கடைசி வருட விழாவுக்கு அம்மா வந்திருந்தார். ஆடி முடித்து, கூடையோடு அவர் முன்னால் போய் நின்றேன்.

"நானே மாட்டாத கூடைய ஒம் முதுகுல யாரு புள்ள மாட்டிவிட்டது?" என்றார்.