"விடு! விடு!" என்று கத்தினான்

தொண்ணூறுகளின் நடுவில், அம்பத்தூர் எஸ்டேட்டில் மோட்டார் சைக்கிள்களைச் சீர்செய்து சோதித்துத் தரும் ஒரு ஷெட்டில் வேலைக்குச் சேர்ந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான், கையில் டிப்ளமோ. "பையன் வண்டி ஓட்டிப் பார்க்கிற வேலையில இருக்கான்" என்று அம்மா ஆவடி குவார்ட்டர்ஸ் முழுக்கச் சொல்லிவைத்திருந்தார். ஓட்டுவது உண்மை. ஆனால் வண்டி ஓர் அங்குலம்கூட நகராது.

அதை ஓட்டிப் பார்க்கும் டைனமோமீட்டர் என்பது தரையில் பதித்த கனத்த இரும்பு உருளை. பின் சக்கரத்தை அதன்மேல் ஏற்றி, முன் சக்கரத்தை இடுக்கியில் இறுக்கி, இரண்டு பக்கமும் பட்டை போட்டுத் தரைக் கொக்கியில் கட்டிவிடுவோம். ஏறி உட்கார்ந்து ஆக்சிலேட்டரை முறுக்கினால் உருளை சுற்றும். எஞ்சினுக்கு எவ்வளவு இழுவை என்று மீட்டர் காட்டும். ஓடும்போது வண்டிக்கு முன்னால் யாரும் நிற்கக் கூடாது. அதற்காகவே மஞ்சள் கோடு போட்டிருந்தார்கள்.

மீட்டர் பார்ப்பவன் கொரட்டூர்க்காரன், என் வயதுதான். வாய் ஓயாது. நான் ஏறியதுமே, "இன்னா மாமே, மாப்ள ஊர்வலமா? சும்மா குந்திகினு கீற... விடு, விடு!" என்பான். நானும் முறுக்குவேன். தினமும் இதே கூத்து.

அன்று நான்காவது கியரில் முள் ஏறிக்கொண்டிருந்தது. எஞ்சின் சத்தம் ஒரு பக்கம், எஞ்சின் சூட்டைத் தணிக்க எதிரே வைத்த பெரிய ஃபேனின் இரைச்சல் ஒரு பக்கம். வண்டி லேசாக உதறியது. புது டயர், அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். நிமிர்ந்தால், அவன் மஞ்சள் கோட்டைத் தாண்டி என் எதிரே ஓடி வருகிறான். கையை ஆட்டுகிறான். அந்த இரைச்சலில் ஒரே ஒரு சொல்தான் காதில் விழுந்தது.

"விடு! விடு!"

முழுசாக முறுக்கினேன்.

வலப்பக்கப் பட்டை சாட்டை மாதிரி பறந்தது. பின் சக்கரம் உருளையிலிருந்து நழுவித் தரையைக் கவ்வ, இடுக்கியைப் பிய்த்துக்கொண்டு வண்டி பாய்ந்தது. அவன் பக்கவாட்டில் விழுந்தான். ஹேண்டில் அவன் சட்டைக் கையைக் கிழித்துக்கொண்டு போக, வண்டி ஃபேனைத் தள்ளிச் சுவரில் மோதியது. நான் எப்போது விழுந்தேன் என்று தெரியாது. கண்ணைத் திறந்தபோது, என் முகத்துக்கு ஒரு சாண் தள்ளி அந்த உருளை இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.

தவழ்ந்து வந்து என் காலரைப் பிடித்தான். அடிக்கப்போகிறான் என்று நினைத்தேன். தலை, கழுத்து, கை என்று தடவிப் பார்த்தான்.

"கொக்கி பொளந்துகினு போவுது, ஆக்சிலேட்டர விடுன்னு தொண்ட கிழியக் கத்துறேன். இன்னாத்துக்குடா முறுக்குன?"

"நீ விடுன்னுதானே சொன்ன?"

அவன் தலையில் அடித்துக்கொண்டான். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. 'விடு' என்றால் ஓட்டு. 'விடு' என்றால் கையை எடு.

முதலாளி கொக்கிகளை எல்லாம் மாற்றினார். எஞ்சினை வெளியிலிருந்தே அணைக்க ஒரு சுவிட்சும் வைத்தார். நாங்கள் வாயால் சொல்வதை நிறுத்தி, கைச் சைகைக்கு மாறினோம்.

பட்டையையும் கொக்கியையும் இழுத்து இழுத்துப் பார்த்த நாங்கள், பேசிக்கொண்ட சொல்லை மட்டும் ஒருநாளும் சோதித்ததில்லை. என்னைக் காப்பாற்ற ஓடி வந்தவன்மேல், அவன் சொன்னதைக் கேட்டே வண்டியை ஏற்றப் பார்த்தேன் என்பதை நினைத்தால் இன்றும் என் வலது கை தானாக விரிந்துகொள்கிறது.